ஒரே வீடு, ஒரே போன்

ஜூன் 1, ஞாயிறு

கறிக்குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவுவதற்கு முன்பே அப்பா தீர்மானம் போட்டுவிட்டார். இனி இந்த வீட்டில் எல்லோரும் ஒரே வகைப் போன்தான் வைத்திருக்க வேண்டும். எந்த வகை என்பது அடுத்த ஞாயிறு முடிவாகும். அதுவரை யாரும் எதையும் வாங்கக் கூடாது. வாங்குவதற்கு இங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். தூத்துக்குடியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைபடம் சொல்லித் தருகிறார்கள். பத்தாவது தேறியிருந்தால் போதும். போன வாரம் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாயைத் திறந்து கேட்பது என்னால் ஆகாது. அவர் அதைப் படித்துவிட்டு, அதன் மேலேயே முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பி வைத்தார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பேப்பரிலிருந்து இன்னொன்று கத்தரித்து வைத்தேன். அன்றைக்கு முருங்கைக்காய் இல்லை.

கோடு போடுகிற படிப்பு. கோட்டோடு பேச வேண்டியதில்லை. அதனால்தான் பிடித்தது. தூத்துக்குடியில் கடல் இருப்பது ஒரு காரணமே இல்லை.

"போகட்டும். ஆனா அவ கையில போன் இருக்கணும். எங்க நிக்கான்னு எந்நேரமும் நமக்குத் தெரியணும்" என்றார் அப்பா. என்னிடம் அல்ல, அம்மாவிடம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

போன் வாங்கினால் நான் போகலாம். சேர்க்கை ஜூன் 30 வரை.

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரன் அப்பாவின் கடைக்குக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு நிறம் தலையில் அச்சடித்திருக்கிறான். ஜூன் மாதத்துக்கு ‘மழைமேகச் சாம்பல்’. கோவில்பட்டியில் ஜூன் மாதம் மழைமேகத்தைப் பார்த்தவன் யார் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு எழுதுகிற வழக்கம் இல்லாததால் டைரி என்னிடம் வந்தது. என்னிடம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

துணி துவைத்தேன். அம்மா போனில் கேஸ் பதிவு செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் மாநாடு. அப்பா நாற்காலியில். அம்மா தரையில். மாரியப்பன் சித்தப்பா கட்டிலில். பூவநாதன் அண்ணன் சென்னையிலிருந்து ஸ்பீக்கரில். நான் அடுக்களை வாசலில், பூண்டு உரித்துக்கொண்டு. பூண்டு உரிக்கிறவளை யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள்.

அண்ணன் சாஃப்ட்வேரில் இருக்கிறான். ஊரில் இருக்கும்வரை பூவநாதன். அங்கே போய் நாதனாகி, இப்போது அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுவதைக் கேட்டால் நேதன். இன்னும் இரண்டு சம்பள உயர்வு வந்தால் பெயரில் எழுத்தே மிஞ்சாது. அவன் கட்சி ஐபோன். அப்பா, அம்மா, நான், அவன், மதினி ஐந்து பேரும் ஐபோன் வைத்துக்கொண்டால் ஒரு குடும்பமாகச் சேர்ந்துவிடலாமாம். இத்தனை வருஷமாக நாங்கள் என்னவாக இருந்தோம் என்று சொல்லவில்லை.

சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் ஐபோன் கிடையாது. ஆகவே உலகத்தில் ஐபோனுக்கு அவசியம் கிடையாது. அவர் கட்சி ஆண்ட்ராய்டு.

"அண்ணே, பழம் கடிச்சிப் போட்ட கம்பெனிய நம்பி வீட்டக் குடுக்கச் சொல்லுதான் ஒம் மகன்" என்றார் சித்தப்பா. தன் நகைச்சுவைக்குத் தானே கட்டிலைத் தட்டிக்கொண்டார்.

ஸ்பீக்கரில் அண்ணன், பாதுகாப்பு என்று தொடங்கி கால் மணி நேரம் பேசினான். எல்லாம் பாதி இங்கிலீஷ். அம்மா பாதியில் எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

ஆளுக்கு ஒன்று இருந்தால் என்ன என்று அம்மாதான் கேட்டாள். அப்பா அவளைக் கடைக்கு வந்த புது வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடியில் ஒரு கம்பெனி, மேலே ஒரு கம்பெனி என்று பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் சுவர் உரிந்து வந்துவிடுமாம். போனும் அப்படித்தானாம். முப்பது வருஷம் பெயிண்ட் விற்றவருக்கு உலகம் முழுவதும் சுவர்தான். இதை மறுத்துப் பேச சாஃப்ட்வேருக்கும் தெரியவில்லை, மொபைல் கடைக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் இருவருக்கும் அவரவர் கட்சி ஜெயிக்க வேண்டும்.

கடைசியில் அண்ணன் ஒரு சட்டம் போட்டான். "எந்தப் போனா இருந்தாலும் சரிப்பா. யார் எங்க இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியணும். எல்லாரும்னா எல்லாரும்தான். அப்பதான் அவளுக்கும் வித்தியாசமாத் தெரியாது."

அவள் என்பது நான். பெருந்தன்மையைப் பாருங்கள்.

முடிவு: அடுத்த ஞாயிறு மீண்டும் கூடுவது.

ஜூன் 11, புதன்

இன்று இந்த வீட்டில் யாரும் முட்டாள்தனமாக எதுவும் பேசவில்லை. எல்லோரும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள்.

ஜூன் 13, வெள்ளி

சித்தப்பா இரண்டு போன்களைக் காட்டுவதற்கு எடுத்து வந்தார். என் கையில் ஒன்றைக் கொடுத்து, பேசிப் பார் என்றார். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். "இவளுக்கு வாய் இல்லாத போன் ஒண்ணு இருந்தா அதத்தான் வாங்கணும்" என்றார். அம்மாவும் சிரித்தாள்.

செண்பகவல்லி என்று ஊர் அம்மனின் பெயரை எனக்கு வைத்தார்கள். அந்த அம்மனும் பேசுவதில்லை. அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது பதினொன்றாம் வகுப்பில். வெளியில் கேட்கிறவர்களுக்கு அம்மா சொல்லும் காரணம் தலைவலி. நானும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். இப்போது சில நாள் உண்மையிலேயே வலிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது மாநாடு. இரண்டு மணி நேரம். ஒன்றும் முடிவாகவில்லை.

அம்மாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரிகிற போன் வேண்டும். எழுத்தை இரண்டிலும் பெரிதாக்கலாம் என்று அண்ணனும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அதற்குப் பிறகு சண்டை வேறு பக்கம் திரும்பியது. குடும்பமாகச் சேர்த்தால் ஒருவர் தலைவராக இருக்க வேண்டுமாம். அண்ணன் தானே இருப்பதாகச் சொன்னான், அது ஒரு சும்மா பேருக்குத்தான் என்றும் சொன்னான். அப்பாவின் முகம் பெயிண்டுக்கு முன்னால் வெள்ளைப் பட்டி பூசிய சுவர் மாதிரி வெளிறிவிட்டது.

"நான் உசுரோட இருக்கேம்லா?" என்றார்.

சும்மா பேருக்கான ஒன்றுக்காக முக்கால் மணி நேரம். அப்பாவைத் தலைவராக வைத்துவிட்டு, பாஸ்வேர்டை அண்ணன் வைத்துக்கொள்வது என்று சமாதானம் ஆயிற்று. நாடும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

நடுவில் வினோதா மதினியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. தன்னை இதில் சேர்க்க வேண்டாம் என்றாள். அவள் பாங்கில் வேலை பார்க்கிறாள், அவள் போன் அவள் சம்பளத்தில் வாங்கியது. "நான் எங்க நிக்கேன்னு பாக்கதுக்கு எங்கப்பாவே ஆசப்பட்டதில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் மிக்சி ஓடியது. இந்தக் குடும்பத்தில் உருப்படியான ஒரு வாக்கியம் பேசியது வெளியிலிருந்து வந்தவள்தான்.

இன்னும் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. இவர்கள் போகிற வேகத்தில் எனக்கு அறுபது வயதில் ஒரு நல்ல போன் கிடைக்கும்.

ஜூன் 19, வியாழன்

பதினோரு மணிக்கு அண்ணன் அம்மாவுக்குப் பேசினான். வேலை நாளில் அந்த நேரத்தில் அவன் பேசியதே இல்லை. சாப்பாடு என்ன, அப்பா கடைக்குப் போய்விட்டாரா என்று சும்மா இழுத்துக்கொண்டிருந்தான். பின்னால் கரகரவென்று ஒரே சத்தம். என்ன சத்தம் என்று அம்மா கேட்டதற்கு ஆபீஸ் ஏசி என்றான்.

அவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு நல்ல ஏசி வாங்கிப் போடக் கூடாதா?

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது மாநாடு. அண்ணன் கட்சி தோற்றது. தோற்றது என்றால் சண்டை போட்டுத் தோற்கவில்லை. வாயைத் திறந்ததுமே, ஆண்ட்ராய்டே போதும்ப்பா, எதுக்கு அநாவசியச் செலவு என்றான். சித்தப்பா பேச வைத்திருந்ததெல்லாம் வயிற்றிலேயே தங்கிவிட்டது. பாவம், எழுந்து நின்று தொண்டையைக்கூடச் செருமியிருந்தார்.

அதோடு, தனக்கும் ஒன்று பஸ் பார்சலில் அனுப்பச் சொன்னான். ஐபோன் என்ன ஆயிற்று என்று சித்தப்பா கேட்டார். சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறானாம். போன வாரம் வரை அதற்கு மேல் போன் இல்லை என்றவன்.

அப்பாவுக்குச் சந்தோஷம். மகன் சென்னைக்குப் போயும் கெட்டுப்போகவில்லை என்றார். சித்தப்பா மாலையில் பாதுஷா வாங்கி வந்தார். அண்ணன் மாதிரி கொள்கையை இவ்வளவு மலிவாக விற்கிறவனை நான் பார்த்ததில்லை. இரண்டு பாதுஷா சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று போன்கள் வந்துவிட்டன. மூன்றும் சாமி படத்துக்கு முன்னால் பெட்டியோடு இருக்கின்றன. வளர்பிறை வெள்ளிக்கிழமைதான் திறக்க வேண்டுமாம். அம்மா தினமும் அவற்றுக்கும் சேர்த்துச் சூடம் காட்டுகிறாள். சேர்க்கை முடிய ஒரு வாரம்கூட இல்லை. நான் வாசலில் நின்று சாமியைப் பார்த்தேன். அவரும் மாநாட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரிதான் இருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

திறந்தார்கள்.

அம்மா ஒவ்வொரு போனுக்கும் பின்பக்கம் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பொட்டு வைக்க வாட்டமாக வட்டமாக ஒரு இடம் இருந்தது. அது கேமரா. அப்பா எடுத்த முதல் படத்தில் நாங்கள் எல்லோரும் மஞ்சள் காமாலை வந்தவர்கள்போல இருக்கிறோம். போன் மட்டம் என்று அவர் சித்தப்பாவைத் திட்டினார். சித்தப்பா துடைத்துக் காட்டிய பிறகும், எதற்கும் மாற்றிக் கொடு என்றார்.

அண்ணன் வீடியோவில் வந்து எல்லாவற்றையும் அமைக்கச் சொல்லிக் கொடுத்தான். கன்னத்தில் தாடி. முகம் கறுத்திருந்தது. ஏசியில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படிக் கறுப்பான் என்று அம்மா கேட்டாள். வெளிச்சம் அப்படி என்றான்.

போனில் ஊர் வரைபடம் வந்தது. அதில் நம் வீடு இருக்கிற இடத்தில் என் முகம் வட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பா போனிலும் அம்மா போனிலும், தொட்டதும் நேராக என் முகம் பெரிதாக வருகிற மாதிரி வைக்கச் சொன்னான். அப்பா தொட்டார். வந்தேன். அம்மா தொட்டாள். வந்தேன். என்னை வைத்துக்கொண்டே என்னை வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போதும், வைத்துவிடட்டுமா என்றான் அண்ணன்.

"ஏல, ஒன்னையும் போடு. எல்லாரும்னா எல்லாரும்தான்னு நீதான சொன்ன?" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் அவன் அசையாமல் இருந்தான். நெட் நின்றுவிட்டது என்று சித்தப்பா போனைத் தட்டினார். நெட் நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எதையோ அழுத்தினான். என் போனில் அப்பா, அம்மா, அண்ணன் மூன்று முகங்களும் வந்து சேர்ந்தன.

ஜூன் 30, திங்கள்

சேர்ந்துவிட்டேன். அப்பா கூட வந்தார். அலுவலகத்தில் பெயர் கேட்டபோது அவரே சொன்னார். வயது, படிப்பு, ஏன் பாதியில் நின்றது எல்லாவற்றுக்கும் அவரே. தலைவலி என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகப் பெண் என்னைப் பார்த்து, இப்ப சரியாயிட்டாம்மா என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

டைரியின் தலையில் நிறம் மாறிவிட்டது. ‘இளந்தளிர்ப் பச்சை’. இவன் எந்த ஊர்க்காரன்?

வகுப்பு தொடங்கி இரண்டாம் நாள். பன்னிரண்டு பேர். எனக்கு இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஜன்னல். நல்ல இடம். இன்று முழுவதும் நேர்கோடு. கோட்டை இழுக்கும்போது மூச்சை விடக் கூடாது என்றார் ஆசிரியர். எனக்கு அது கஷ்டமே இல்லை.

போகும்போது எட்டயபுரத்தில் பஸ் டீ குடிக்க நின்றது. உடனே போனில் அப்பா.

"ஏன் எட்டயபுரத்துல நிக்க?"

"பஸ் நிக்கி."

"ஏன் நிக்கி?"

டிரைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

என்னைப் பார்ப்பதற்காகப் போட்ட வரைபடம் இது. நான் பார்ப்பேன் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடைவேளையில் திறந்தேன். அப்பா கடையில் இல்லை, எதிர் வரிசை டீக்கடையில். அங்கேயே அரை நாள். அம்மா சீட்டுப் பிடிக்கிற அக்கா வீட்டில். கால் வலிக்கிறது, வாசலைத் தாண்ட முடியவில்லை என்று காலையில்தான் சொன்னாள். இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. அண்ணனைத் தொட்டேன். சென்னை வந்தது. பெரிதாக்கினேன். திருவான்மியூர். இன்னும் பெரிதாக்கினேன். அவன் முகம் மஞ்சள் நிற மணலில் இருந்தது. ஒரு விரல் தள்ளி நீலம்.

அவன் ஆபீஸ் அங்கே இல்லை. புதிதில் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் பன்னிரண்டாவது மாடி வரை காட்டியிருக்கிறான். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடம்தான், ஒரு காக்கா இல்லை என்று அம்மா வந்து சொன்னாள்.

போன் மட்டம் என்று அப்பா சொன்னது சரிதான் போல.

ஜூலை 11, வெள்ளி

மணலில்தான்.

ஜூலை 14, திங்கள்

காலை ஒன்பதரைக்கு அங்கே வருகிறான். ஏழு மணிக்கு வீடு திரும்புகிறான். சனி, ஞாயிறு வீட்டில். மணலுக்கும் லீவு விடுகிறான்.

இப்போது எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வருகிறது. சர்வீஸுக்குப் போன ஐபோன். அநாவசியச் செலவு. கறுத்த முகம். ஆபீஸ் ஏசியின் கரகர. அவ்வளவு படித்தவன், காற்றுச் சத்தத்துக்கு அதைவிட நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம்.

தினமும் மதினி கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, இன் பண்ணிய சட்டையோடு போய் மணலில் உட்காருகிறான். வேலை போய்விட்டது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவன். வெட்கம் கெட்ட கோழை.

வாயைத் திறந்து சொல்ல முடியாதவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூலை 17, வியாழன்

இதை எழுதிவிடுகிறேன். பஸ் மழையில் நின்றுவிட்டது, வேறு வேலையும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். கடற்கரைக்குப் போனேன். உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். அன்று காலை வணக்கத்தில் மைக்குக்கு முன்னால் நின்று செய்தி வாசிக்க என் முறை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கழுவத் திறந்தாள். எலுமிச்சை சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. பசிக்கவில்லை என்றேன். அதற்குள் பையிலிருந்து மணல் கொட்டியது. டப்பாவில் தொடங்கி மணலில் முடிந்தது.

யார் கூடப் போன? அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், சித்தப்பா கேட்டார். தனியாக என்றேன். ஒரு வாரம் அதே கேள்வி, அதே பதில். அண்ணன் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தான், என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்காததால் அவனுக்கு இன்னும் கோபம்.

"கடலப் பாக்க எந்தப் பொண்ணாவது தனியாப் போவாளா?" என்றான்.

படித்தவன் சொன்னதால் அதுவே தீர்ப்பு ஆயிற்று. அதோடு பள்ளிக்கூடம் நின்றது.

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இப்போது என் கையில் இருக்கிறது. எப்போது, யாரிடம் சொல்வது என்று பஸ் நின்றதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாநாட்டில் சொல்லலாம். பூண்டு உரித்துக்கொண்டே சொல்லலாம். அப்பாவின் முகம், சித்தப்பாவின் முகம், மதினியின் முகம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணன் ஸ்பீக்கரில் வந்தான். ஆபீஸில் வேலை நெருக்குகிறது என்றான். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, பெரிய பொறுப்பு கொடுத்திருப்பார்கள் என்றார். நான் பூண்டு உரித்தேன். இன்று வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பூண்டு நிறைய இருந்தது.

ஜூலை 23, புதன்

ஆசிரியருக்கு ஏதோ கூட்டம். மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வழக்கமான பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. நடந்தேன். கடற்கரை வந்துவிட்டது. வேண்டுமென்று போகவில்லை, ரோடு அங்கேதான் போய் முடிகிறது.

உட்கார்ந்தேன். சாப்பாட்டை முடித்திருந்தேன், டப்பா காலி. ஒரு கப்பல் அசையாமல் நின்றது. எழுந்து வழக்கமான பஸ்ஸைப் பிடித்து, வழக்கமான நேரத்துக்கு வந்தேன்.

வீட்டு வாசலில் சித்தப்பாவின் வண்டி நின்றது. அப்போதே தெரிந்தது. அம்மா தொட்டுப் பார்த்திருக்கிறாள், நான் நீலத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறேன். கடைக்கு ஓடியிருக்கிறாள், கால் வலியோடு.

நாற்காலி, தரை, கட்டில் எல்லாம் அதே இடத்தில். அண்ணனையும் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பூண்டு மட்டும் இல்லை. நடுவில் நிற்க வைத்தார்கள்.

"யார் கூடப் போன?" என்றார் அப்பா.

தனியாக என்றேன்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னா" என்றாள் அம்மா.

சித்தப்பா, போனைக் கொடு, யாரோடு பேசியிருக்கிறாள் என்று பார்ப்போம் என்றார். கொடுத்தேன். அதில் அப்பா, அம்மா, அண்ணன் தவிர யாரும் இல்லை. அழித்திருப்பாள் என்றார். இவரிடம் காலியான டப்பாவைக் காட்டினால் திருட்டுப் போய்விட்டது என்பார்.

அப்பா சத்தமே போடவில்லை. அதுதான் மோசம். நாளையிலிருந்து போக வேண்டாம் என்றார். அடித்த பெயிண்டைச் சுரண்டுகிறவர் மாதிரி, கட்டிய பணம் போனால் போகட்டும் என்றார். பிறகு போனைப் பார்த்து, "நீ என்னல சொல்லுத?" என்று கேட்டார்.

 ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. மணி ஆறரை இருக்கும்.

மாநாட்டில் நான் இதுவரை பேசியதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மைக்குக்கு முன்னால் நின்றிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். யோசித்து வைத்த முகங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. வேறு ஏதோ வந்தது.

"அண்ணே, அங்க கடல் எப்படி இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவளுக்கு இன்னும் கடலு மண்டையவிட்டு இறங்கல" என்றாள் அம்மா. சித்தப்பா அப்பாவைப் பார்த்து நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினார். போனில் அந்தக் கரகர நிற்கவே இல்லை. அப்பா கட்டாகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

"அவ தனியாத்தான் போயிருப்பா. விடுங்கப்பா" என்றான் அண்ணன்.

"ஒனக்கு எப்படில தெரியும்?"

"தெரியும்ப்பா." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கும் தனியாத்தான் போயிருப்பா" என்றான்.

வைத்துவிட்டான்.  சித்தப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்பா என்னைப் பார்க்காமல் என் போனைத் திருப்பிக் கொடுத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

காலையில் குளித்துவிட்டு அடுக்களைக்கு வந்தேன். மேடையில் என் டப்பா மூடி வைத்திருந்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எட்டயபுரத்தில் நின்றது. யாரும் போன் போடவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்று வளைகோடு. என் முதல் வளைவு இட்லி மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை.

மத்தியானம் அண்ணனிடமிருந்து செய்தி. "எப்ப பாத்த?" என்று மட்டும். இரண்டு வாரம் ஆகிறது என்று அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "வினோதாகிட்ட நானே சொல்லுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிராத" என்று வந்தது.

உடனே அடித்தேன்: ‘சொன்னாலும் யாரு நம்புவா? கடலப் பாக்க யாராவது தனியாப் போவாங்களா?’

நல்ல வாக்கியம். இரண்டு வருஷம் ஊறிய வாக்கியம். அனுப்பவில்லை. நெட் சரியாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தைத் திறந்தேன். மணலில்தான் இருந்தான். அந்த வெயிலில், இன் பண்ணிய சட்டையோடு, மடியில் மதினி கட்டிய சாப்பாடு. திறந்திருக்க மாட்டான். அங்கே உட்கார்ந்தால் இறங்காது.

அடித்ததை அழித்துவிட்டு வேறு அனுப்பினேன்.

"டப்பாவ காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போ. நான் அதுலதான் மாட்டினேன்."